மாணவர் குறைந்த மொழித்துறைகளுக்குக் கூட்டுப் பாடத்திட்டம் கோரும் மனு

அனுப்புநர்: ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் தமிழும் பிற தெற்காசிய மொழிகளும் கற்பிப்போர், கற்போர் சங்கத்தினர்.

பெறுநர்: கல்வித்துறை உயர் அலுவலர்கள், ஐரோப்பிய ஆணையம், பிரஸ்ஸல்ஸ், உறுப்பு நாடுகளின் உயர்கல்வி அமைச்சர்கள்.

பொருள்: பல நாட்டுப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும் பாடத்திட்டத்துக்குச் சட்டமும் நிதியும் வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

1987இல் எராஸ்மஸ் திட்டம் தொடங்கியதிலிருந்து மாணவர்கள் எல்லை தாண்டிப் படித்து வருகிறார்கள். பாடத்திட்டங்கள்தாம் பெரும்பாலும் சொந்த நாட்டைவிட்டு நகரவில்லை. 1999இல் 29 நாடுகள் பொலோனியா அறிக்கையில் கையெழுத்திட்ட பிறகு பட்டங்களின் படிநிலைகள் ஒத்துவந்தன. ஆண்டுக்கு 60 கிரெடிட், ஒரு கிரெடிட்டுக்கு 25 முதல் 30 மணி நேர உழைப்பு என்ற கணக்கும் நிலைபெற்றது. ஆனால் அந்த மணி நேரங்களில் எதைக் கற்பிப்பது என்று பல்கலைக்கழகங்கள் சேர்ந்து உட்கார்ந்து பேசுவது இன்றும் அரிது. 2020க்குள் பட்டதாரிகளில் 20 விழுக்காட்டினராவது வெளிநாட்டில் பயின்றிருக்க வேண்டும் என்று 2009இல் உயர்கல்வி அமைச்சர்கள் லூவனில் வகுத்த இலக்கும் எட்டப்படவில்லை. பயணம் போக முடியாத பெரும்பான்மையினருக்கும் பிறநாட்டு ஆசிரியரின் பாடம் கிடைக்க வேண்டும் என்பதே எங்கள் வாதம்.

தமிழையே பாருங்கள். பாரிஸில் கீழைமொழிகளுக்கான நிறுவனமான இனால்கோவிலும் ஹைடல்பெர்க்கில் தெற்காசிய நிறுவனத்திலும் அது கற்பிக்கப்படுகிறது. ஹாம்பர்க் பல்கலைக்கழகம் சுவடியாய்வில் பெயர்பெற்றது. 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய மதபோதகர் சீகன்பால்குவை அனுப்பிவைத்த சமயப்பணி மரபின் வழியே வந்த தமிழ் ஓலைச்சுவடிகள் ஜெர்மனியின் ஹாலே நகரில் உள்ளன. பாரிஸ் தேசிய நூலகத்திலும் தமிழ்ச் சுவடிகள் உண்டு. இத்தனையும் ஒரே மாணவரின் பாடத்தில் சேர்வதற்கு முறையான வழி இல்லை. வகுப்பில் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே இருப்பதைக் காட்டி, ஓய்வுபெறும் ஆசிரியரின் இடத்தை நிரப்பாமல் விடுவது நிர்வாகத்துக்கு எளிது. பல நகரங்களின் மாணவர்களை ஒரே வகுப்பாகக் கணக்கிட்டால் அந்தக் காரணம் செல்லாது. சர்வதேசமயமாக்கல் என்றாலே ஆங்கிலவழியில் இன்னொரு மேலாண்மைப் படிப்பைத் திறப்பது என்று நினைக்கும் பல்கலைக்கழகங்களுக்கு இது புரியவைக்க வேண்டிய செய்தி.

எனவே நாங்கள் முதன்மையாகக் கோருவது இது: முதலாண்டு மொழிப்பயிற்சி அந்தந்தப் பல்கலைக்கழகத்திலேயே நடக்கட்டும், இரண்டாம் ஆண்டு முதல் இலக்கணம், சுவடியியல், தற்கால இலக்கியம் ஆகியவற்றைப் பல்கலைக்கழகங்கள் பங்கிட்டு நடத்தும் கூட்டுப் பாடத்திட்டத்துக்கு நிதி ஒதுக்குங்கள். அதில் ஆசிரியர் எடுக்கும் வகுப்புகள் அவரது கட்டாயப் பணிநேரத்தில் சேர வேண்டும். இப்போது பல இடங்களில் அது ஆசிரியரின் ஆர்வத்தை நம்பி நடக்கும் கூடுதல் வேலை. அவர் மாறிப்போனால் பாடமும் போய்விடுகிறது.

கூட்டுப் படிப்புகளின் தரத்தை ஒரே முறை மதிப்பிட்டால் போதும் என்ற ஐரோப்பிய அணுகுமுறையை அமைச்சர்கள் 2015இல் யெரெவானில் ஏற்றார்கள். எல்லா நாட்டுச் சட்டங்களும் இன்னும் அதற்கு முழுமையாக இடம் தரவில்லை. அச்சட்டங்களும் பாடத்தின் உள்ளடக்கமும் உறுப்பு நாடுகளின் அதிகாரத்துக்கு உட்பட்டவை என்பதை அறிவோம். அமைச்சர்களுக்கும் இம்மனுவை அனுப்புவது அதனால்தான்.

கிரெடிட் ஏற்பிலும் சிக்கல் உள்ளது. வெளிநாட்டில் ஒரு பருவம் படித்துத் திரும்பிய எங்கள் உறுப்பினர்கள் சிலரின் கிரெடிட்டுகள், 'இங்குள்ள பாடத்தோடு பொருந்தவில்லை' என்று பட்டத்தில் சேர்க்கப்படவில்லை. புறப்படுமுன் கையெழுத்தான கற்றல் ஒப்பந்தம் திரும்பி வந்த பின்னும் செல்லுபடியாக வேண்டும்.

எராஸ்மஸின் இன்றைய வடிவமான எராஸ்மஸ் பிளஸ் வழங்கும் கலப்புமுறைத் தீவிரப் பயிற்சி (5 முதல் 30 நாள் நேர்வகுப்பும் இணையவழிப் பாடமும்) எங்களுக்கு ஏற்ற வடிவம். குறைந்தது மூன்று நாடுகளின் நிறுவனங்கள் சேர வேண்டும் என்ற விதியில் குறையில்லை. பங்கேற்போர் எண்ணிக்கைக்கு வைத்துள்ள கீழ்வரம்பைச் சிறுதுறைகளுக்குத் தளர்த்துங்கள்.

எராஸ்மஸ் பிளஸின் நடப்புத் திட்டக்காலம் 2027உடன் முடிகிறது. அடுத்த காலத்துக்கான விதிகள் இறுதியாகுமுன் எங்கள் பிரதிநிதிகளை நேரில் அழைத்துக் கேட்குமாறு வேண்டுகிறோம். மாதிரிப் பாடத்திட்ட வரைவை அப்போது அளிப்போம்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர், மாணவர் பிரதிநிதிகள்