உவர் நிலத்து நெல்லுக்கு இலைத் தெளிப்பு மட்டும் போதுமா?

உவர் நிலத்தில் வாடி நிற்கும் நெற்பயிரை, இலைமீது எதையேனும் தெளித்துக் காப்பாற்றிவிடலாம் என்ற எண்ணம் பல இடங்களில் பரவி வருகிறது. இதில் ஓரளவு உண்மை உண்டு. அந்த அளவு எவ்வளவு என்பதே ஆராயத்தக்கது.

மண்ணிலுள்ள உப்பு, வேர் நீரை உறிஞ்சுவதைத் தடுக்கிறது. சோடியம் மிகுதியாக உட்புகுவதால் பயிருக்குக் கிட்டும் பொட்டாசியமும் குறைகிறது. பொட்டாசியம் நைட்ரேட்டுக் கரைசல் இக்குறையை இலை வழியாகச் சிறிது ஈடுசெய்கிறது. மிகச் சிறிய அளவில் தெளிக்கப்படும் சாலிசிலிக் அமிலம் பயிரின் தற்காப்புச் செயல்களைத் தூண்டுகிறது. தொட்டிப் பரிசோதனைகளில் இவற்றின் பயன் நன்கு புலப்பட்டுள்ளது. வயலிலோ பலன் ஒரே சீராக இருப்பதில்லை.

ஏன் என்பதை ஒரு சிறு கணக்கே காட்டிவிடும். ஒரு ஹெக்டேரில் மேல் 15 சென்டிமீட்டர் மண்ணின் எடை ஏறத்தாழ 20 லட்சம் கிலோகிராம். அதில் 0.2 சதவீதம் உப்பு இருப்பின் அது 4,000 கிலோகிராம் ஆகும். 1 சதவீதக் கரைசலை 500 லிட்டர் தெளித்தாலும் பயிர்மீது விழும் பொருள் 5 கிலோகிராமே! உப்பை அகற்ற நல்ல நீரும் வடிகாலும் வேண்டும். களர் நிலமாயின் ஜிப்சமும் வேண்டும். கேரளத்துப் பொக்காளி உழவர்கள் மண்ணை மேடுகளாகக் கூட்டி, பருவமழை உப்பைக் கழுவிய பின்னரே அவற்றின்மீது விதைக்கின்றனர். 2009 மே மாதம் அய்லா புயலால் சுந்தரவனத்தில் கரைகள் உடைந்து உப்புநீர் வயல்களில் புகுந்தது. உடைப்பை அடைக்காமல் எந்தத் தெளிப்பும் அங்கே பயன்பட்டிருக்காது.

ஆகவே, மண்ணைச் சோதிக்குமுன் தெளிப்பைச் சிபாரிசு செய்யும் ஊழியர், கரையையும் வடிகாலையும் சீர்ப்படுத்த வேண்டிய உழவரின் பணத்தை வேறு வழியில் திருப்பிவிடுகிறார். இது சிறு பிழையன்று.

உப்பு மிதமாக உள்ள நிலங்களில் தெளிப்புக்கு இடமுண்டு. நெல் உப்புக்கு மிகவும் தளர்வது நாற்றுப் பருவத்திலும் பூக்கும் பருவத்திலுமே. தூர் கட்டும் காலத்தில் சற்றுத் தாங்கும். எனவே நட்ட பயிர் வேரூன்றியதும் ஒரு முறை, பூக்குமுன் ஒரு முறை, மாலை வேளையில் தெளிக்கலாம். உவர்க்கிணற்று நீரில் கரைத்தால் இலை கருகும். இதைப் பலர் மறந்துவிடுகின்றனர்.

வயலில் ஒரு பகுதிக்கு வெறும் நன்னீரை மட்டும் தெளித்து, அதன் நெல்லைத் தனியே அறுத்து எடைபோட வேண்டும். பள்ளிகளில் இரு தொட்டிகளைக் கொண்டு ஆசிரியர்களும் இதைச் செய்து காட்டலாம். அந்த எடையைக் கண்டபின், அடுத்த பருவத்தில் தெளிப்பான் வாங்குவதா, வாய்க்கால் வெட்டுவதா என்பதை உழவரே தீர்மானிப்பார்.