ஜெர்மன் கடற்படைக் குத்துவாள்: போர்க்கால விலை கொடுக்கலாமா?

"இரண்டாம் உலகப்போர் கடற்படை அதிகாரி வைத்திருந்தது" என்று ஒரு ஜெர்மன் குத்துவாள் விற்பனைக்கு வருதா? அவசரப்படாதீங்க.

1938-ல் இதன் கைப்பிடி உச்சியில் கழுகும் ஸ்வஸ்திகாவும் வந்தன. 1945-ல் போர் முடிந்த பிறகும், கத்திக்குப் பேர்போன ஸோலிங்கன் நகரில் மிஞ்சிய பாகங்களைக் கோத்து, நேச நாட்டு வீரர்களுக்கு நினைவுப்பொருளாக விற்றார்கள். அதனால் தயாரிப்பாளர் முத்திரை மட்டும் ஆதாரம் ஆகாது.

பழைய செல்லுலாய்டு கைப்பிடி பெரும்பாலும் மஞ்சளாகியிருக்கும். பிற்காலப் பிளாஸ்டிக் வெள்ளையாவே இருக்கும். ஆனால் சாயம் பூசியும் ஏமாத்தலாம். கைப்பிடி, அலகு, உறை மூன்றின் தேய்மானமும் ஒத்துப்போகுதா பாருங்க.

போருக்குப் பின் செய்ததை அப்படியே சொல்லி, குறைந்த விலைக்கு விற்றால் அது போலி இல்லை. அதற்கும் ஒரு வரலாறு உண்டு. காலத்தை மறைத்துப் போர்க்கால விலை கேட்பதுதான் மோசடி. விற்பவர் சொல்ற கதைக்குக் காசு கொடுக்காதீங்க.