ஸ்கேன் மெஷினுக்கு யார் காசு போடுவது?



போன செமஸ்டர் லீவில் எங்கப்பாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. இருபது வருஷம் ஃபவுண்டரியில் பாரம் தூக்கிய இடுப்பு. டாக்டர் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார். பஸ் ஏறிப் போனால், "மெஷின் ரிப்பேருங்க, பார்ட்ஸ் ஃபாரின்ல இருந்து வரணும்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பதினோரு நாள் கழித்துத்தான் ஸ்கேன் எடுத்தோம். பதினோரு நாள் கூலியும் போச்சு. வரும் வழியில் அப்பா கேட்டார்: "ஏங் கண்ணு, மோட்டாரு, பம்புசெட்டு, மில்லு மெஷினு எல்லாம் நம்மூர்ல பண்றாங்க. இத மட்டும் பண்ண மாட்டாங்ளா?"

எங்கள் வீட்டில் முதன்முதலில் காலேஜ் வாசல் மிதித்தவன் நான். "தெரியாதுங்ப்பா" என்று சொல்ல வெட்கமாக இருந்தது. தேடிப் படித்தேன். நம்மவர்களுக்கு அறிவு இல்லாமல் இல்லை. முடிச்சு, காசில் இருக்கிறது!

சி.டி. ஸ்கேனரைக் கண்டுபிடித்த காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டு, இங்கிலாந்தில் பண்ணையில் வளர்ந்தவர். பல்கலைக்கழகப் பட்டம் வாங்கியவர் அல்ல. லண்டன் ஃபாரடே ஹவுஸ் கல்லூரியில் டிப்ளமோ படித்தவர். ஆம், நம்ம ஜாதி! 1971 அக்டோபர் 1-ல் முதல் நோயாளிக்கு ஸ்கேன். 1979-ல் நோபல் பரிசு. அவர் வேலை பார்த்த இ.எம்.ஐ. கம்பெனிதான் பீட்டில்ஸ் இசைத்தட்டுகளை வெளியிட்டது. அதனால் 'பாட்டு விற்ற காசில் வந்த ஸ்கேனர்' என்று ஊரெல்லாம் பேச்சு. ஆனால் பிரிட்டிஷ் அரசின் சுகாதாரத் துறை போட்ட பணம் கம்பெனி போட்டதைவிட அதிகம் என்று பின்னாளில் கணக்குப் பார்த்தவர்கள் காட்டிவிட்டார்கள். பெயர் கம்பெனிக்கு, பாதிக்கு மேல் செலவு மக்களுக்கு!

நம் நாட்டுக்கு வருவோம். பெங்களூரில் வாக்ஸல்கிரிட்ஸ் என்ற சிறு கம்பெனி, அர்ஜுன் அருணாசலம் தலைமையில், 1.5 டெஸ்லா எம்.ஆர்.ஐ. மெஷினை உருவாக்கியது. ஆரம்பத்தில் டாடா அறக்கட்டளை கைகொடுத்தது. மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை மானியம் கொடுத்தது. 2021-ல் நம்ம ஜோஹோ நிறுவனம் 50 லட்சம் டாலர் முதலீடு செய்தது. 2023-ல் மெஷின் டெல்லியில் அறிமுகமானது. 2025-ல் மகாராஷ்டிராவின் சந்திரபூரில் ஒரு புற்றுநோய் மையத்தில் வேலைக்கு வந்தது. பத்து வருஷத்துக்கு மேற்பட்ட பாடு! தர்மப் பணம், அரசுப் பணம், தொழில் பணம் மூன்றும் சேர்ந்துதான் தேர் நிலைக்கு வந்தது.

மானியம் என்றால் நமக்குத் தெரிந்தது சொட்டுநீர் மானியம். ஆராய்ச்சி மானியமும் ஏறக்குறைய அப்படித்தான். விண்ணப்பம் போட வேண்டும், நிபுணர் குழு கேள்வி கேட்கும், வேலை நடந்ததைப் பார்த்துத் தவணை வரும். மத்திய அரசின் பைராக் அமைப்பு, புதிய யோசனைக்கு 50 லட்சம் வரை தருகிறது. மாதிரி செய்ய அது உதவும். ஆனால் மாதிரியை ஆஸ்பத்திரியில் சோதித்து, அனுமதி வாங்கி, ஊர் ஊராக விற்க கோடிக்கணக்கில் வேண்டும். யோசனையை அடமானம் வைத்தால் எந்த பேங்க் கடன் கொடுக்கும்? அங்கேதான் பல நல்ல மெஷின்கள் ஃபைலோடு தூங்கிவிடுகின்றன.

'எல்லாம் அரசே செய்யட்டும்' என்கிறார்கள் சிலர். 'கம்பெனிகளிடம் விட்டுவிடு' என்கிறார்கள் சிலர். எனக்கு இரண்டும் சரியாகப் படவில்லை. கம்பெனிப் பணம் லாபம் உள்ள பக்கம்தான் ஓடும்; அதைக் குறை சொல்ல முடியாது. அரசுப் பணம் மட்டும் என்றால் மெஷின் லேப் வாசலைத் தாண்டாது. கூட்டுதான் வழி. இது கோவைக்குப் புதுசா? 1956-லேயே நம்மூர் மில்காரர்களும் மத்திய அரசும் சேர்ந்து சிட்ரா ஆராய்ச்சி நிலையத்தை நடத்தத் தொடங்கிவிட்டார்களே! பஞ்சுக்கு முடிந்தது, படம் எடுக்கும் மெஷினுக்கு முடியாதா?

ஆனால் ஒரு கண்டிஷன். மக்கள் வரிப்பணம் ஒரு ரூபாய் போனாலும், அந்த மெஷினின் விலையிலும் ஸ்பேர் பார்ட்ஸிலும் மக்களுக்குச் சொல் உரிமை வேண்டும். உதிரி பாகம் உள்ளூரில் கிடைக்க வேண்டும். ரிப்பேர் பார்க்கும் பயிற்சி பாலிடெக்னிக் மாணவனுக்குத் தர வேண்டும். இதை ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். இல்லாவிட்டால், காசும் நம்முடையது, காத்திருப்பதும் நாம் என்றாகிவிடும்.

2023-ல் சட்டம் போட்டு அமைத்த தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்கு ஐந்து ஆண்டில் 50,000 கோடி ரூபாய் திட்டம். அதில் பெரும்பகுதி அரசுக்கு வெளியே இருந்து வர வேண்டும் என்பது கணக்கு. நம்மூர் தொழிலதிபர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கடைசியாக நம்மைப் பற்றி. கோபித்துக்கொள்ளாதீர்கள்! ஃபைனல் இயர் ப்ராஜெக்டைக் கடையில் காசு கொடுத்து வாங்கி, பைண்டிங் போட்டுக் கொடுப்பவர் நம்மில் எத்தனை பேர்? ஐயாயிரம் ரூபாய் ப்ராஜெக்டிலேயே ஏமாற்றுகிற கையை நம்பி, ஐம்பது லட்சம் யார் தருவார்கள்? இந்த வருஷம் எங்கள் குழு ப்ராஜெக்டை நாங்களே செய்வது என்று முடிவெடுத்திருக்கிறோம். ஓடுமா ஓடாதா, தெரியாது. ஆனால் அப்பா கேட்ட கேள்விக்கு, "பண்ணுவாங்ப்பா, நாங்களே பண்ணுவோம்" என்று சொல்ல அந்த வைவாவில் இருந்துதான் தொடங்க முடியும்.

சிந்திப்போம் நண்பர்களே! செய்வோம்!

– மூன்றாமாண்டு மாணவன், மின்னணுவியல் துறை