ஸ்டீயரிங் வயரைத் தடைக்காலத்திலேயே மாற்றுங்கள்

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகைக் கரையேற்றிப் பலகை மாற்றுகிறீர்கள், பெயின்ட் அடிக்கிறீர்கள், இன்ஜினைப் பிரித்துப் பார்க்கிறீர்கள். பழைய படகுகளில் ஸ்டீயரிங்கிலிருந்து சுக்கானுக்குப் போகும் வயர் ரோப்பை மட்டும், 'இன்னும் ஒரு வருடம் தாங்கும்' என்று பலரும் விட்டுவிடுகிறார்கள். இது ஆபத்தான சிக்கனம். முகத்துவாரத்தில் வயர் அறுந்தால் நங்கூரம் போடக்கூட நேரம் இருக்காது; அலை படகைத் தூண்டில் வளைவுப் பாறையில் மோதிவிடும்.

கப்பியில் வளையும் இடத்தில்தான் வயர் முதலில் தேயும். அங்கே பழைய துணியால் துடைத்துப் பாருங்கள். துணி சிக்கினால் இழைகள் அறுந்திருக்கின்றன என்று பொருள். வெறும் கையால் தடவ வேண்டாம். மேலே கிரீஸ் பளபளத்தாலும் உள்ளே துருப்பிடித்திருக்கலாம்.

ஒட்டுப்போடாமல் இருபக்க வயரையும் சேர்த்தே மாற்றுங்கள். பள்ளம் விழுந்த கப்பியை அப்படியே விட்டால் புது வயரும் சீக்கிரம் தேயும். கிளாம்பின் 'யூ' வளைவு, வயரின் வெட்டுமுனைப் பக்கம் இருக்க வேண்டும். இழுவை தாங்கும் பக்கம் இருந்தால் இழைகளை நசுக்கும். புது வயர் சற்று நீளும் என்பதால், சில நாள் ஓடிய பின் மீண்டும் இறுக்குங்கள்.

தடைக்காலத்தில் படகுகளை ஆய்வு செய்யும் மீன்வளத் துறையினர், சுக்கானை இருபுறமும் முழுதாகத் திருப்பிக் காட்டச் சொல்ல வேண்டும். கப்பிகளையும் பார்க்க வேண்டும். கடலுக்குப் போகுமுன் நிரப்பும் டீசலோடு ஒப்பிட்டால் வயரின் விலை சொற்பம். படகில் இருக்கும் அத்தனை பேரும் அதை நம்பித்தான் கரை திரும்புகிறார்கள்.