ஆஷா அக்கா படிவத்துல இல்லாத ஒரு கேள்வி



காலையில ஏழு மணிக்கு கோரிமேடு பஸ் ஸ்டாப்புல பத்து நிமிஷம் நின்னு பாருங்க. திண்டிவனம், வானூர் பக்கத்துலேர்ந்து வர்ற பஸ்ஸுல ஸ்கேன் கவரோட எத்தனை பேர் ஜிப்மருக்கு இறங்குறாங்கன்னு தெரியும். மண்டலப் புற்றுநோய் மையமே நம்ம ஊர்ல இருக்கு. அந்த வகையில நாம கொடுத்து வச்சவங்க.

ஆனா இந்தப் பதிவு, பஸ் ஏறி வந்தவங்களைப் பத்தி இல்ல. அவங்க வீட்டுல இன்னும் நோய் வராம இருக்குற தங்கச்சி, பொண்ணு, பையனைப் பத்தி.

புற்றுநோய் எல்லாமே பரம்பரையா வர்றதில்ல. 100 பேர்ல 5 முதல் 10 பேருக்குத்தான் அப்படி. ஆனா அந்தக் குடும்பங்களுக்கு ஆபத்து சாதாரணமானது இல்ல. 1994, 1995 ஆண்டுகளில் கண்டறியப்பட்ட பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 மரபணுக்கள்ல ஒண்ணு பழுதா இருக்குற பெண்கள்ல, 100க்கு 60 பேருக்கு மேல வாழ்நாள்ல மார்பகப் புற்றுநோய் வரலாம். சினைப்பை புற்றுநோய் ஆபத்தும் கூடும். பிள்ளைக்குப் போக சரிபாதி வாய்ப்பு. அம்மா வழி மட்டும் இல்ல, அப்பா வழியாவும் வரும்.

இதை முன்கூட்டியே தெரிஞ்சுக்கிட்டா என்ன பண்ண முடியும்? நிறைய பண்ண முடியும். நம்ம அரசுத் திட்டத்துல மார்பகப் பரிசோதனை 30 வயசுலதான் ஆரம்பிக்குது. இந்த மரபணுப் பழுது உள்ளவங்க 25 வயசிலேயே எம்ஆர்ஐ மூலம் கண்காணிப்பைத் தொடங்கணும்னு மருத்துவ வழிகாட்டுதல் சொல்லுது. அந்த அஞ்சு வருஷம் ஒரு உயிரா இருக்கலாம்.

இப்ப விஷயத்துக்கு வருவோம். 30 வயசு தாண்டினவங்களுக்கு ஆஷா பணியாளர் வீட்டுக்கு வந்து நிரப்புற தேசியப் படிவத்துல, ‘பெற்றோர், கூடப்பிறந்தவங்க யாருக்காவது ரத்தக்கொதிப்பு, சர்க்கரை, இதய நோய் இருக்கா?’ன்னு கேள்வி இருக்கு. மார்புல கட்டி இருக்கான்னும் கேள்வி இருக்கு. ‘குடும்பத்துல யாருக்காவது புற்றுநோய் வந்துச்சா, எந்த வயசுல?’ங்கிற கேள்வி இல்ல!

பெரிய மெஷின் வேணாம், புதுக் கட்டடம் வேணாம். பாகூர்லயும் நெட்டப்பாக்கத்துலயும் வீட்டு வாசல்ல கேட்க வேண்டிய ஒரு கேள்விதான். நாம கேட்கறது நாலே நாலு:

1. படிவத்துல அந்தக் கேள்வியைச் சேர்க்கணும்.
2. ஆபத்து தெரியிற குடும்பங்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்துலேர்ந்தே, வீடியோ வழியாவது, மரபணு ஆலோசனை கிடைக்கணும்.
3. டாக்டர் தேவைன்னு எழுதினா, ரத்தப் பரிசோதனை இலவசமா இருக்கணும். காப்பீட்டு அட்டை பெரும்பாலும் ஆஸ்பத்திரியில படுத்தாத்தான் உதவுது. படுக்காம தடுக்கறதுக்கும் உதவணும்.
4. முடிவு ரகசியமா இருக்கணும். ‘தெரிஞ்சா பொண்ணுக்குக் கல்யாணம் நின்னுடும்’னு பயந்து மறைக்கிற நிலை மாறணும்.

இது அரசியலான்னு கேட்பீங்க. ஆமா, அரசியல்தான். தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. 1927ல சென்னை மாகாண சட்ட மேலவைக்குப் போனவர். 1954ல அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். பரம்பரைப் புற்றுநோய்க்குன்னு தனி கிளினிக் இன்னைக்கு அங்க இருக்கு. சொந்த வீட்டு துக்கத்தை ஊருக்கே மருந்தா மாத்தினதுதான் அரசியல்.

அரசு கேட்கட்டும்னு காத்திருக்க வேணாம் தோழர்களே. இன்னைக்கு ராத்திரி சாப்பிடும்போது பாட்டிகிட்ட, அத்தைகிட்ட கேளுங்க. மூணு தலைமுறையில யாருக்கு, எந்தப் புற்றுநோய், எந்த வயசுல வந்துச்சுன்னு ஒரு தாள்ல எழுதுங்க. 50 வயசுக்கு முன்னாடி மார்பகத்துலயோ குடல்லயோ வந்திருந்தா, எந்த வயசுலயும் சினைப்பையில வந்திருந்தா, ஆணுக்கு மார்பகத்துல வந்திருந்தா, ஒரே பக்க உறவுல ரெண்டு மூணு பேருக்கு வந்திருந்தா, அந்தத் தாளோட டாக்டரைப் பாருங்க. பயப்பட இல்ல, முந்திக்க.

இந்தப் பதிவை உங்க குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல போடுங்க. கட்சி குரூப்புக்கு அப்புறம் போடலாம்.

#ஒரு_கேள்வி_ஒரு_உயிர்