செத்தவன் போனில் இருந்தது

இதை எழுதலாமா வேண்டாமா என்று ரொம்ப நாளாக இழுத்தடித்துக்கொண்டே இருந்தேன். எழுதினால் நானும் அந்த விஷயத்தைக் கிளறின மாதிரி ஆகிவிடுமோ என்று ஒரு பயம். போன வாரம் போனில் இடம் இல்லை என்று பழைய குப்பைகளை அழித்துக்கொண்டிருந்தபோது அந்தக் குரல் பதிவு மறுபடியும் கண்ணில் பட்டது. சரி, எழுதியே விடுவோம்.

2022 அக்டோபர் கடைசி. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரே நாளில் ஏழெட்டுப் பேர் அதே துண்டை அனுப்பியிருந்தார்கள். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடப் போகும்போது என்னவென்று பார்க்காமல் தட்டிவிட்டேன். காரின் ஸ்பீக்கர் முழுக்க அந்தக் குரல். உடம்புக்கு முடியாமல் கிடக்கும் ஒரு பையன், கஷாயத்தில் என்னதான் இருந்தது என்று காதலித்த பெண்ணிடம் கேட்கிறான். பின்சீட்டிலிருந்து என் பிள்ளை, "அப்பா, அந்த அண்ணனுக்கு இப்போ சரியாயிடுச்சா?" என்று கேட்டது. பதில் சொல்லத் தெரியவில்லை. அந்த அண்ணன் இறந்து சில நாட்கள் ஆகியிருந்தன.

எந்த வழக்கு என்று உங்களுக்குப் புரிந்திருக்கும். பாறசாலை கஷாய வழக்கு. இரண்டு பேர் பெயரும் ஊருக்கே தெரியும், தீர்ப்பிலும் இருக்கிறது. ஆனாலும் நான் எழுதப்போவதில்லை. சொல்ல வந்த விஷயத்துக்கு அந்தப் பெயர்கள் தேவைப்படவில்லை, அவ்வளவுதான்.

மறந்தவர்களுக்காகச் சுருக்கமாக: பையன் கேரளப் பக்கம், பெண் வீடு தமிழ்நாட்டுப் பக்கம். 2022 அக்டோபர் 14 அன்று அவள் வீட்டில் கொடுத்த கஷாயத்தில் பாராகுவாட் என்ற களைக்கொல்லி கலந்திருந்தது. அக்டோபர் 25 அன்று திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜில் அவன் இறந்தான். 30-ம் தேதி அவள் போலீசிடம் ஒப்புக்கொண்டாள். 2025 ஜனவரி 17 அன்று நெய்யாற்றின்கரை கூடுதல் செஷன்ஸ் நீதிமன்றம் குற்றவாளி என்று தீர்ப்புச் சொல்லி, 20-ம் தேதி மரண தண்டனை விதித்தது. தடயத்தை அழித்ததற்காக மாமாவுக்கு மூன்று வருடம். அம்மா விடுதலை. மரண தண்டனையை உயர்நீதிமன்றம் உறுதி செய்தால்தான் செல்லும் என்பது சட்டம்.

எங்கள் குளத்தூரிலிருந்து பாறசாலை ஒன்றும் தூரமில்லை. 1956-ல் விளவங்கோடு வரைக்கும் தமிழ்நாட்டுக்குப் போனது, நெய்யாற்றின்கரை தாலுகா கேரளாவில் நின்றுவிட்டது. கோடு அரசாங்கத்துக்குத்தான். பெண் கொடுப்பதும் எடுப்பதும், சந்தைக்குப் போவதும், ஏன், காதலிப்பதும் கோட்டைப் பார்த்து நடப்பதில்லை. மலையாளச் சேனலும் ஓடும், தமிழ்ச் சேனலும் ஓடும். அதனால் எங்கள் வீடுகளில் அந்த உரையாடல் இரண்டு மொழியிலும் ஓடியது. அம்மா அன்றைக்கு ராத்திரி போனில் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "மக்கா, டிவியைப் போட்டா அந்தப் பயலுக்க சத்தம். அவனுக்க அம்மை இதை எப்படிக் கேட்டுட்டு இருப்பா? எனக்கே வெப்ராளமா வருது."

இங்கே ஒன்றை நேர்மையாக ஒத்துக்கொள்ள வேண்டும். அந்தச் செய்திகள் வெளியே வந்ததால்தான் வழக்கே நகர்ந்தது என்று நம்புகிறவர்கள் நிறைய. ஆரம்பத்தில் உள்ளூர் போலீஸ் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்பது குடும்பத்தாரின் புகார். பிறகுதான் கிரைம் பிராஞ்ச் கைக்குப் போனது. நம் வீட்டுப் பிள்ளை செத்துக் கிடக்கிறான், ஸ்டேஷனில் அலட்சியமாகப் பார்க்கிறார்கள், கையில் அவன் போன் இருக்கிறது என்றால் நாம் என்ன செய்வோம்? நானாக இருந்தாலும் பத்திரிகைக்காரரைத்தான் கூப்பிட்டிருப்பேன். அதனால் இறந்தவர் எழுதியதை ஒருபோதும் வெளியிடக்கூடாது என்று சட்டம் பேச நான் வரவில்லை. அப்படிச் சொல்வது போலீஸுக்கும் கொன்றவர்களுக்கும்தான் வசதி.

என் கேள்வி அதற்கு அடுத்த கட்டம். கஷாயம் கொடுத்தாளா, என்ன கலந்தாள், அவன் சந்தேகப்பட்டானா என்ற கேள்விகளுக்குச் சில வரிகள் போதும். அந்த வரிகளைப் போட்டது பத்திரிகை வேலை. அவர்கள் ஒருத்தரை ஒருத்தர் எப்படிக் கூப்பிட்டுக்கொண்டார்கள், எங்கே போய்ப் படம் எடுத்துக்கொண்டார்கள், சண்டையில் என்ன சொன்னார்கள் என்பதெல்லாம் எந்தக் கேள்விக்குப் பதில்? அவள் ஒப்புக்கொண்ட பிறகும் அது நிற்கவில்லையே. முந்தின நாள் வரை "நீதிக்காக" என்று சொன்னவர்களிடம் அதற்கப்புறம் சொல்ல என்ன காரணம் இருந்தது?

இதில் என்னை ரொம்பவும் உறுத்துவது ஒன்று உண்டு. ஆஸ்பத்திரியில் மாஜிஸ்திரேட் வந்து வாக்குமூலம் வாங்கினபோது, அவன் அவளைக் குற்றம் சொல்லவில்லை. நம்பினானோ, காப்பாற்ற நினைத்தானோ, அது அவனோடு போய்விட்டது. அப்படி வாயைக் கட்டிக்கொண்ட ஒருவனுடைய போனைத்தான் ஊரே திறந்து படித்தது. உண்மை வெளியே வரவேண்டும், சரி. போலீசும் நீதிமன்றமும் திறந்தது கடமை, அதற்குச் சட்டம் அதிகாரம் கொடுத்திருக்கிறது. ஆனால் என் காருக்குள் அது ஒலிப்பதற்கு யார் அதிகாரம் கொடுத்தார்கள்?

சட்டத்தில் என்ன இருக்கிறது என்று தேடினேன். நமக்கு நன்றாகத் தெரிந்த ஆட்டோ சங்கர் வழக்குதான் முதலில் நிற்கிறது. அவருடைய சுயசரிதையை நக்கீரன் வெளியிடுவது பற்றிய வழக்கில் 1994-ல் உச்சநீதிமன்றம், ஒருவருடைய குடும்பம், திருமணம் போன்ற சொந்த விஷயங்களை அவர் சம்மதம் இல்லாமல் வெளியிடக்கூடாது என்றது. நீதிமன்ற ஆவணம் போன்ற பொது ஆவணமாகிவிட்டால் எழுதலாம் என்றும் சொன்னது. 2017-ல் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றே தீர்ப்புச் சொன்னார்கள். ரொம்ப சந்தோஷம். ஆனால் இதெல்லாம் உயிரோடு இருப்பவருக்கு. ஜெயலலிதா வாழ்க்கைப் படத்தை எதிர்த்த வழக்கில் 2021-ல் சென்னை உயர்நீதிமன்றம், ஒருவரின் அந்தரங்கமும் நற்பெயரும் அவர் மரணத்தோடு முடிந்துவிடுகிறது, வாரிசு அதை உரிமையாகக் கேட்க முடியாது என்றது. இறந்தவரை அவதூறு செய்தால் வழக்குப் போட வழி உண்டு. ஆனால் உண்மையாகவே அவர் எழுதியதை எடுத்துப் போட்டால்?

ஜெர்மனியில் வேறொரு கோணம். ரயிலில் அடிபட்டு இறந்த 15 வயதுப் பெண்ணின் ஃபேஸ்புக் கணக்கைப் பார்க்கப் பெற்றோருக்கு உரிமை உண்டு என்று அங்குள்ள உச்ச நீதிமன்றம் 2018-ல் தீர்ப்புச் சொன்னது. மகள் ஏன் செத்தாள் என்று தெரியாமல் தவித்தவர்கள் அவர்கள். நியாயமான தீர்ப்பு என்றே நினைக்கிறேன். ஆனால் பெற்றோர் படிப்பது வேறு, பெருமக்கள் படிப்பது வேறு. படிக்கும் உரிமை இருந்தாலே பரப்பும் உரிமையும் வந்துவிடும் என்று நாம்தான் முடிவு செய்துகொண்டோம்.

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. செத்தவர் வந்து "இது நான் எழுதியதில்லை" என்று சொல்ல மாட்டார். 2020-ல் நடிகர் சுஷாந்த் சிங் ராஜ்புத் இறந்தபோது, அவருடைய கடைசி ட்வீட்டுகள் என்று ஆஜ் தக் சேனல் போட்டவை போலி. சேனல்களின் சுயகட்டுப்பாட்டு அமைப்பு மன்னிப்புக் கேட்கச் சொல்லி ஒரு லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. அவர் பிரபலம், அதனால் கண்டுபிடித்தார்கள். நெய்யாற்றின்கரைப் பக்கத்து ஒரு பிள்ளையின் பேரில் நாளைக்கு யாராவது பொய்யாக ஒரு உரையாடலை உண்டாக்கிச் சுற்றவிட்டால் யார் சரிபார்ப்பது?

சேனல்களைத் திட்டி முடித்துக்கொள்வது சுலபம். இங்கிலாந்தில் நியூஸ் ஆஃப் தி வேர்ல்ட் என்று 168 வருடப் பழைய பத்திரிகை ஒன்று இருந்தது. 2002-ல் காணாமல்போய்க் கொலையான ஒரு பள்ளிப் பெண்ணின் குரல் அஞ்சலை அதன் ஆட்கள் திருட்டுத்தனமாகக் கேட்டது 2011-ல் வெளியே வந்தது. ஜனங்கள் கொதித்தார்கள், விளம்பரதாரர்கள் விலகினார்கள், ஒரே வாரத்தில் பத்திரிகையை மூடினார்கள். கேட்க ஆள் இருந்ததால்தான் அவர்கள் திருடினார்கள், ஆள் விலகியதும் கடை காலி. அந்தக் கடைக்கு நாமும் வாடிக்கைதான், இல்லையா? வெளிநாட்டில் இருக்கும் நமக்கு ஊர் என்றாலே இப்போது இந்தத் துண்டுகள்தான். ஊரில் இருப்பவர்களாவது துக்கம் விசாரிக்கப் போவார்கள், அந்தத் தாய் முகத்தைப் பார்ப்பார்கள். நாம் முகம் பார்ப்பதே இல்லை. குரலை மட்டும் கேட்கிறோம், அடுத்தவருக்குத் தள்ளிவிடுகிறோம். அன்றைக்கு நானும் இரண்டு பேருக்கு அனுப்பினேன். காரில் நடந்ததற்கு முந்தின நாள் வந்த வேறு துண்டு அது. அதையும் சொல்லிவிடுவதுதான் மரியாதை.

பத்திரிகைக்காரர்களுக்கும் நமக்கும் சேர்த்தே மூன்று கேள்விகள் போதும் என்று நினைக்கிறேன். இந்த வரி இல்லாவிட்டால் ஏதாவது உண்மை மறைந்துபோகுமா? இறந்தவரின் வீட்டார் இந்த வரிக்குத் தனியாகச் சம்மதித்தார்களா, அல்லது அழுதுகொண்டே போனை நீட்டினார்களா? எழுத்தில் சொன்னாலே போதும் என்றால் குரலை ஏன் போடவேண்டும்? மூன்றாவது கேள்வியை மட்டும் கேட்டிருந்தால்கூட, அந்த அம்மா மகன் குரலைத் தெருவில் கேட்காமல் இருந்திருப்பார்.

இறந்தபிறகு தன் தகவல்களைப் பார்த்துக்கொள்ள ஒருவரை நியமிக்கலாம் என்று இந்தியாவின் 2023 டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. அது பாறசாலை மாதிரி வழக்கில் எவ்வளவு காப்பாற்றும் என்பது வேறு விஷயம். என் மட்டில் வீட்டுக்காரியிடம் சொல்லி வைத்திருக்கிறேன்: எனக்கு ஏதாவது ஆனால் போலீஸ் கேட்டால் போனைக் கொடு, மற்றபடி யார் கேட்டாலும் கொடுக்காதே. "நீங்க எழுதுறதை எவன் படிக்கப் போறான்" என்று சிரித்தாள். பாறசாலைப் பையனும் அப்படித்தான் நினைத்திருப்பான்.

பதிவை அழித்துவிட்டேன். குழுவில் இருக்கும் மற்றவர்களிடமும் அழிக்கச் சொன்னேன். இரண்டு பேர் அழித்தார்கள், ஒரு மாமா "உனக்கு எதுக்குடே இந்த வேலை" என்றார். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?