அப்பாவுக்கு ஒரு கம்ப்யூட்டர்

சென்ற மாதம் மேற்கு மாம்பலத்தில் நம் இல்லத்தில் ஒரு மந்திரிசபை நெருக்கடி ஏற்பட்டது. எழுபத்தெட்டுப் பிராயமான நம் தந்தையார் 2013-ஆம் வருஷம் முதல் உபயோகித்து வந்த கம்ப்யூட்டர், காலையில் பொத்தானை அழுத்தினால், அவர் காப்பி அருந்திப் பத்திரிகையைப் படித்து முடித்த பிறகே கண் விழிக்கும் என்ற நிலைக்கு வந்துவிட்டது. புதிதாக ஒன்று வாங்க வேண்டும் என்பதில் கட்சி பேதம் இல்லை. எதை வாங்குவது என்பதில்தான் சண்டை.

நேயர்கள் பலருடைய வீட்டிலும் இந்த விவகாரம் இப்போது நடந்துகொண்டிருக்கக் கூடும். விண்டோஸ் 10-க்கு அளித்து வந்த வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோஸாப்ட் கம்பெனி 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11-ஐப் போடலாமென்றால், டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு வேண்டும் என்கிறார்கள். நம் வீட்டுக் கிழ யந்திரத்தில் அது கிடையாது. லினக்ஸைப் போட்டு ஓட்டுவோர் உண்டு. ஆனால் அப்பா இத்தனை நாள் பழகிய ஜன்னலை மாற்ற நமக்கு மனம் வரவில்லை. பென்ஷன் கணக்கைப் பார்ப்பதும் அதே யந்திரத்தில்தான் என்பதால், காவல் இல்லாத வாசலாக அதை விட்டுவைக்கவும் தைரியம் இல்லை.

ஆகவே மௌண்ட் ரோடுக்கு அருகிலுள்ள ரிச்சி தெருவுக்குச் சென்றோம். ஒரு கடைக்காரர் நம்மை அமர வைத்து, ஏழு வர்ண விளக்குகள் மின்னும் பெட்டி ஒன்றைக் காட்டினார். "இதில் எந்த விளையாட்டும் ஓடும், ஸார்!" என்றார். விளையாடப் போகிறவருக்கு வயது எழுபத்தெட்டு என்றோம். அவர் சற்றும் அயரவில்லை. "அப்படியானால் லாப்டாப் கொண்டு போங்கள்" என்றார். அதுவே சரி என்று நாமும் முடிவு செய்து, கனமில்லாத லாப்டாப் ஒன்றின் விலையைக் குறித்துக்கொண்டு வீடு திரும்பினோம். நாம் தினமும் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துச் செல்வதும் அந்த வகைதான். அந்த வார்த்தையிலேயே நம் பிசகு அடங்கியிருந்தது.

அன்று இரவு, பழைய யந்திரத்திலுள்ள கோப்புகளைப் பென் டிரைவில் ஏற்றிக்கொள்ள உட்கார்ந்தோம். 'மாம்பலம்' என்ற பெயரில் நாற்பதுக்கு மேற்பட்ட கோப்புகள் இருந்தன. லேக் வியூ ரோடு என்ற பெயரில் மட்டும் மிஞ்சியிருக்கும் ஏரியைப் பற்றித் தம் தகப்பனார் சொல்லக் கேட்டவை, கிணற்று நீர், ரயில்வே கேட், ஊருக்கே பெயர் வாங்கிக் கொடுத்த கொசு - எல்லாம் அப்பா எழுதியவை. கடைசிக் கோப்பின் தேதி 2021.

"அதற்கப்புறம் ஏன் அப்பா எழுதவில்லை?" என்று கேட்டோம்.

"தமிழ்தான் போய்விட்டதே!" என்றார்.

விசாரித்ததில் விஷயம் வெளியாயிற்று. அந்த வருஷம் யந்திரத்தைப் பழுது பார்த்த ஒருவர், அதைச் சுத்தமாகத் துடைத்துக் கோப்புகளை மட்டும் திருப்பி வைத்தார். தமிழ் விசைப்பலகை மென்பொருள் போயே போய்விட்டது. அப்பா தமிழ் டைப்ரைட்டிங் ஹையர் தேறியவர். முப்பது வருஷம் ஸர்க்கார் ஆபீஸில் அடித்த விரல்கள் அவருடையவை. 'கெ' என்று அடிக்க முதலில் கொம்பு, பிறகு ககரம் என்று அவை தாமே போகும். இங்கிலீஷ் எழுத்தைத் தட்டித் தமிழை வரவழைக்கும் வித்தை அவருக்கு வேண்டியதில்லை. 1999-இல் வந்த தமிழ் 99 முறை நல்லதுதான்; ஆனால் நாம் அதைக் கற்றது இளமையில்.

"நம்மிடம் சொல்லியிருக்கலாமே!"

"உனக்குப் பரீட்சைப் பேப்பர் திருத்தவே நேரமில்லை. இதற்காக வேறு உன்னைத் தொந்தரவு செய்வானேன்?"

நாலு வருஷங்கள்! அடுத்த அறையிலேதான் நாம் உட்கார்ந்திருந்தோம்.

லாப்டாப் யோசனை அன்றோடு ஒழிந்தது. மறுநாள் அப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவர் எப்படிப் படிக்கிறார் என்று அரைமணி நேரம் சும்மா பார்த்தோம். இரட்டைக் கண்ணாடி அணிந்தவர், கீழ்ப்பாதி வழியாகத் திரையைப் பார்க்க மோவாயைத் தூக்குகிறார். லாப்டாப்பிலோ திரையும் விசைப்பலகையும் ஒட்டிப் பிறந்தவை. ஒன்றை நகர்த்தினால் மற்றதும் நகரும். எனவே 24 அங்குலத் திரை, அதைத் தாழ்த்தி வைக்க ஒரு தாங்கி, ஆழமாக அமுங்கும் தனி விசைப்பலகை என்று தீர்மானித்தோம். பெட்டி உள்ளங்கையளவு மினி பி.ஸி.; திரையின் முதுகிலேயே மாட்டிக்கொள்ளலாம். இதற்கு ஒரு பிராந்தியக் காரணமும் உண்டு. 2015 டிஸம்பர் வெள்ளத்தில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தபோது தரையில் கிடந்ததெல்லாம் என்ன கதி அடைந்தது என்பதை மாம்பலவாசிகளுக்கு நாம் சொல்ல வேண்டாம்.

மற்றவை சுருக்கமானவை. நினைவகம் 8 ஜி.பி. போதும், 16 இருந்தால் நிம்மதி. சுழலும் ஹார்ட் டிஸ்குக்குப் பதில் எஸ்.எஸ்.டி. கட்டாயம் வேண்டும், காப்பிக்கு முன்னமே கண் விழிப்பது அதனால்தான். கிராபிக்ஸ் கார்டு வேண்டியதில்லை. மின்சாரம் போனால் நிதானமாக அணைப்பதற்குச் சிறிய யு.பி.எஸ். ஒன்று.

அப்பாவுக்கு எது மிக அவசியமோ, அது ரிச்சி தெருவில் விலைக்கே கிடைக்கவில்லை. பழைய டைப்ரைட்டர் முறையைத் தரும் இ-கலப்பை, என்.எச்.எம். ரைட்டர் முதலிய மென்பொருள்கள் இலவசமானவை. அவற்றில் ஒன்றைப் போட்டோம். பழைய எழுத்துருவில் இருந்த கோப்புகள் புது யந்திரத்தில் வெறும் இங்கிலீஷ் கிறுக்கலாகத் தெரிந்தன. அவற்றை யூனிகோடுக்கு மாற்ற இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் பிடித்தன.

நேற்று மாலை அந்த அறையிலிருந்து படபடவென்று சப்தம் கேட்டது. எட்டிப் பார்த்தோம். அப்பா திரும்பாமலே, "ரயில்வே கேட்டை எந்த வருஷம் மூடினார்கள் என்று யாரிடமாவது கேட்டுச் சொல்லடா" என்றார்.